விருந்தாளிக்கு வைக்கும் பலகை: சீஸும் உப்புக்கண்டமும் சேர்ந்த கதை

நெதர்லாந்தின் ஹேக் நகரத்தில் மௌரிட்ஸ்ஹாய்ஸ் என்று ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே அரை மீட்டர் அகலம்கூட இல்லாத ஒரு சின்ன ஓவியம். ஆண்ட்வெர்ப்பைச் சேர்ந்த கிளாரா பீட்டர்ஸ் என்ற பெண் 1615 வாக்கில் வரைந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சீஸ் கட்டிகள், அதன் உச்சியில் ஒரு தட்டில் சுருள் சுருளாகச் சீவிய வெண்ணெய், பக்கத்தில் பீங்கான் கிண்ணத்தில் பாதாமும் உலர்ந்த அத்திப்பழமும், முறுக்கு மாதிரி பின்னிய பிரெட்செல் ரொட்டிகள், ஒரு கத்தி. அவ்வளவுதான் படம்.

இந்தப் படத்தைப் பார்ப்பவர்களுக்கு 400 வருடம் பழையது என்று தோன்றாது. நேற்று யாரோ வீட்டுக்கு வந்த விருந்தாளிகளுக்காக அடுக்கி, போட்டோ எடுத்து இணையத்தில் போட்டது போலவே இருக்கும். சீஸ், கொட்டைகள், உலர்பழம், ரொட்டி எல்லாம் அப்படியே! இன்று மேல்நாட்டில் ‘ஷார்க்யூட்டரி போர்டு’ என்று சொல்லப்படும் மரப்பலகையில் வைப்பதும் இவற்றைத்தான். ஒன்றே ஒன்றுதான் குறைகிறது, பதப்படுத்திய இறைச்சி. அதையும் வில்லெம் ஹேடா போன்ற டச்சு ஓவியர்கள் அடுத்த சில பத்தாண்டுகளில் மேசைக்கு ஏற்றிவிட்டார்கள். வெட்டி வைத்த ஹாம், அதாவது உப்பிட்ட பன்றித்தொடை, அவர்கள் படங்களில் பளபளவென்று கிடக்கும்.

பீட்டர்ஸின் ஓவியத்தில் இன்னொரு விஷயம் உண்டு. அந்தக் கத்தியின் வெள்ளிப்பிடியில் அவர் தன் பெயரைப் பொறித்த மாதிரி வரைந்திருக்கிறார். அதுதான் ஓவியத்தின் கையெழுத்து. இந்தக் கத்தியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பலகையின் கதையில் சண்டை எல்லாம் கத்தியைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது.

முதலில் ஒரு அடிப்படைக் கேள்வி. சீஸும் பன்றி இறைச்சியும் ஏன் ஒரே பலகைக்கு வந்தன? ருசி ஒத்துப்போகிறது என்று சமையல் புத்தகங்கள் சொல்லும். அது உண்மைதான், ஆனால் அதற்கு முந்தைய காரணம் ஒன்று இருக்கிறது. அது நாக்கு சம்பந்தப்பட்டது இல்லை, கணக்கு சம்பந்தப்பட்டது.

ஐரோப்பாவின் குளிர்நாடுகளில் பசு வருடம் முழுக்க ஒரே அளவு பால் தராது. வசந்தத்தில் புல் முளைத்ததும் பால் பெருகும், குளிர்காலத்தில் வற்றும். பெருகுகிற நாளில் குடிக்க ஆளில்லை, வற்றுகிற நாளில் கிடைப்பதில்லை. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் அந்தப் பாலைக் குளிர்காலத்துக்குக் கொண்டுபோக ஒரே வழி சீஸ்தான். பாலைத் திரித்து, தண்ணீரை வடித்து, உப்புப் போட்டு, அழுத்தி வைத்துவிட்டால் மாதக்கணக்கில் நிற்கும். நம் பக்கம் பனீர் செய்கிறவர்களுக்கு முதல் பாதி தெரிந்ததே. பனீரை அன்றே தின்றுவிடுகிறோம், சீஸைப் பூட்டி வைக்கிறார்கள். வித்தியாசம் அதுதான்.

ஆனால் பால் திரிந்ததும் மிஞ்சுகிற தண்ணீரை என்ன செய்வது? சுமார் 10 லிட்டர் பாலில் 1 கிலோ சீஸ் கிடைத்தால் மீதி 9 லிட்டர் இந்தத் தண்ணீர். அதில் பாலின் சர்க்கரை இருக்கிறது, கொஞ்சம் புரதமும் இருக்கிறது. ஆற்றில் விட்டால் ஆறு கெடும், மனிதன் எவ்வளவுதான் குடிப்பான்? பன்றி குடிக்கும். குடித்துக் கொழுக்கும்.

காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் உபபொருள் என்று ஒரு பாடம் வரும். முக்கியப் பொருளைச் செய்யும்போது தானாகவே கூட வருகிற, விலை குறைந்த பொருள். அதை எப்படிக் கணக்கில் காட்டுவது என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். சீஸ் செய்த விவசாயி எந்தப் பாடமும் படிக்காமல் அந்தக் கணக்கைப் போட்டுவிட்டான். சீஸ் பண்ணைக்குப் பின்னால் பன்றித் தொழுவம். பால் ஒரு வழியில் சீஸாகவும் இன்னொரு வழியில் ஹாமாகவும் மாறியது. பலகையில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் இரண்டும் ஒரு வகையில் உடன்பிறப்புகள்!

இதற்கு நல்ல உதாரணம் இத்தாலியின் பார்மா. பார்மிஜானோ சீஸும் பார்மா ஹாமும் ஏறக்குறைய ஒரே வட்டாரத்தில் பிறந்தவை. ஒரு பார்மிஜானோ சக்கரம் சுமார் 40 கிலோ, அதற்குப் பால் 500 லிட்டருக்கும் மேல் வேண்டும். எவ்வளவு தண்ணீர் மிஞ்சும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். அந்தத் தண்ணீர் பன்றித் தீவனத்தில் சேர்கிறது. இங்கிலாந்திலும் இதே கதைதான். லெஸ்டர்ஷயரில் ஸ்டில்டன் சீஸ் செய்த வட்டாரத்திலேயே மெல்டன் மோப்ரே என்ற ஊர், பன்றி இறைச்சி அடைத்த பைக்குப் பேர் போனது. (ஸ்டில்டன் என்ற ஊரில் ஸ்டில்டன் சீஸ் செய்யக் கூடாது என்பது தனி வேடிக்கை. 1996இல் கிடைத்த சட்டப் பாதுகாப்பின்படி டார்பிஷயர், லெஸ்டர்ஷயர், நாட்டிங்ஹாம்ஷயர் ஆகிய மூன்று மாவட்டங்களில் மட்டுமே செய்யலாம். ஸ்டில்டன் ஊர் இருப்பது கேம்பிரிட்ஜ்ஷயரில்!)

பன்றியை வெட்டுகிற காலமும் கணக்கால்தான் முடிவானது. குளிர்காலத்தில் தீவனம் இருக்காது. ஆகவே இலையுதிர் காலத்தில் காட்டுக்கு ஓட்டிப்போய் ஓக் மரத்துக் கொட்டைகளைத் தின்னவிட்டு, நவம்பர், டிசம்பரில் வெட்டுவார்கள். குளிரும் அப்போது வந்துவிடும், இறைச்சி உடனே கெடாது. அந்த இடைவெளியில் உப்பு ஏற வேண்டும். உப்பு இறைச்சியிலிருந்து நீரை இழுக்கும், நீர் குறைந்தால் கிருமி வளர இடமில்லை. பிறகு காற்றில் தொங்கவிட வேண்டும், அல்லது புகை போட வேண்டும். உப்புக்கண்டம் போட்ட பாட்டிகள் உள்ள எந்த வீட்டுக்கும் இந்த அறிவியல் புதிதல்ல. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ரோமானியரான கேட்டோ தன் வேளாண் நூலில் ஹாமுக்கு உப்பு போடும் முறையை எழுதி வைத்திருக்கிறார். அதன் சாரம் இன்றும் மாறவில்லை. பார்மா ஹாமில் சேர்வது இரண்டே பொருள், பன்றியின் பின்னந்தொடையும் உப்பும். மீதி எல்லாம் காற்றும் காலமும்.

காலம் என்று சொல்வது எளிது. வியாபாரிக்கு அது பணம். ஒரு தொடை ஒரு வருடத்துக்கும் மேல் தொங்க வேண்டும், அதற்குள் எடையில் கால் பங்குக்கும் மேல் ஆவியாகிப் போய்விடும். வாங்கிய எடையை விற்க முடியாது, போட்ட பணமும் ஒரு வருடத்துக்குத் திரும்பாது. பார்மிஜானோவுக்கும் இதே பிரச்சினை. அந்த வட்டாரத்தின் கிரெடிட்டோ எமிலியானோ வங்கி 1953 முதல் சீஸ் சக்கரங்களையே அடமானமாக வாங்கிக்கொண்டு கடன் தருகிறது. தங்கத்தை லாக்கரில் வைப்பது போல, குளிரூட்டிய கிடங்குகளில் லட்சக்கணக்கான சக்கரங்கள். வங்கி ஊழியர்கள் அவற்றைத் திருப்பி வைத்து, துடைத்து, சுத்தி மாதிரி ஒன்றால் தட்டி உள்ளே விரிசல் உண்டா என்று சத்தத்தை வைத்தே சோதிக்கிறார்கள். அடமானப் பொருள் வங்கியில் இருக்கும்போதே முற்றி விலை ஏறுகிறது! வேறு எந்த வங்கியின் அடமானத்துக்கு இந்தக் கொடுப்பினை?

இது வரைக்கும் பார்த்தது செய்கிறவர்களின் கதை. பணம் இருக்கும் இடத்தில் அடுத்த கேள்வி வந்துவிடும்: செய்ததை வெட்டி விற்கும் உரிமை யாருக்கு? அந்தக் கேள்வி பழைய பாரிஸில் அரசாணையாகவே வந்தது.

‘ஷார்க்யூட்டியே’ என்ற சொல்லுக்கு பிரெஞ்சில் ‘சமைத்த இறைச்சிக்காரர்’ என்று பொருள். பச்சை இறைச்சி விற்பவர்கள் கசாப்புக்காரர்கள், அவர்களுடைய சங்கம் செல்வாக்கானது. சமைத்தும் பதப்படுத்தியும் பன்றி இறைச்சி விற்றவர்கள் ஒரு பக்கம் தனியாக வளர்ந்தார்கள். 1476 ஜனவரியில் இவர்களுக்கு என்று தனி விதிமுறைகள் வந்தன. (அந்தக் காலத்துப் பாரிஸில் ஈஸ்டரில்தான் வருடம் பிறக்கும், ஆகவே பழைய ஆவணங்களில் 1475 என்றே இருக்கும்.) தனிச் சங்கம் கிடைத்தது என்று சந்தோஷப்பட முடியவில்லை, ஏனென்றால் அதில் ஒரு முடிச்சு இருந்தது. சமைத்த பன்றி இறைச்சி விற்கலாம், ஆனால் பன்றியைத் தாங்களே வெட்டக் கூடாது. இறைச்சியைக் கசாப்புக்காரர்களிடமிருந்துதான் வாங்க வேண்டும். அதாவது போட்டியாளனே உனக்குச் சப்ளையர். அவன் வைத்ததுதான் விலை. இந்த நிலையில் எந்த வியாபாரமும் உருப்படாது என்று சொல்ல பி.காம் படிக்க வேண்டியதில்லை.

முப்பத்தேழு வருடம் இப்படியே போனது. 1513இல் 12ஆம் லூயி மன்னர் காலத்தில்தான் பன்றியை நேரடியாக வாங்கும் உரிமை அவர்களுக்குக் கிடைத்தது. அதன் பிறகுதான் ஷார்க்யூட்டியே ஒரு முழு வியாபாரியானார். கிறிஸ்தவர்கள் இறைச்சி தின்னாத தவக்காலத்தில் கடையைச் சும்மா வைக்காமல் உப்பிட்ட ஹெர்ரிங் மீன் விற்பார்களாம். பன்றியின் நாக்கை இழுத்துப் பார்த்து அதில் நோய்க் கட்டி இருக்கிறதா என்று சோதிக்க மட்டும் தனியாக அதிகாரிகள் இருந்தார்கள். நாடாப்புழுவின் கூடுகள் நாக்கின் அடியில் தெரியும் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1791இல், சங்கங்கள் எல்லாமே ஒழிக்கப்பட்டன. யார் வேண்டுமானாலும் கடை போடலாம் என்று ஆனது.

யார் வேண்டுமானாலும் கடை போடலாம் என்றால், அடுத்த கடைக்குப் போகிற ஆளை நம் கடைக்கு இழுப்பது எப்படி? கண்ணைப் பிடிக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் ஷார்க்யூட்டரிக் கடைகளின் கண்ணாடி ஜன்னல் ஒரு காட்சிப்பொருள் ஆனது. எமில் ஸோலா 1873இல் வெளியிட்ட ‘பாரிஸின் வயிறு’ நாவல் முழுக்க லே ஆல் என்ற பெரிய சந்தையைச் சுற்றியே நடக்கிறது. நாயகன் ஃப்ளோரான் தண்டனைத் தீவிலிருந்து தப்பிப் பட்டினியோடு பாரிஸுக்கு வருபவன். அவனுடைய தம்பி நடத்துவதோ கொழுத்த ஷார்க்யூட்டரிக் கடை. தின்பவர்களுக்கும் தின்னக் கிடைக்காதவர்களுக்கும் நடுவே உள்ள கோடுதான் அந்த நாவல்.

அதில் க்ளோட் என்று ஒரு ஓவியன் வருகிறான். அந்தக் கடைக்காரியின் தங்கை மகன். தான் செய்ததிலேயே சிறந்த படைப்பு எது என்று அவன் ஃப்ளோரானிடம் சொல்கிறான். அது ஓவியமே அல்ல. ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் கடைப் பையன் ஜன்னலில் இறைச்சியை அசமந்தமாக அடுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பொறுக்காமல், அவனை விலக்கிவிட்டு க்ளோட் தானே அடுக்கினான். நாக்கின் சிவப்பு, ஹாமின் மஞ்சள், ரத்தச் சாஸேஜின் கருப்பு, இலையின் பச்சை, காகித நறுக்கின் நீலம். ஒரு தட்டு வண்ணமாகவே அவன் அதைப் பார்த்தான். உச்சியில் ஒரு பெரிய வான்கோழி. தெருவில் கூட்டம் கூடிவிட்டது. பெரியம்மா ஓடி வந்து பார்த்தாள். கொழுப்பில் எல்லாம் தீப்பிடித்தது போல அவளுக்கு இருந்தது, வான்கோழியைப் பார்க்கவே அசிங்கமாக இருந்தது. அவனை விரட்டிவிட்டு, கடைப் பையனை விட்டே பழையபடி அடுக்கச் சொன்னாள்.

ஸோலா இதை வேடிக்கைக்காக எழுதியிருக்கலாம். ஆனால் விருந்துப் பலகை அடுக்குகிறவர்கள் இன்று பின்பற்றும் எல்லா யுக்தியும் க்ளோட்டின் ஜன்னலில் இருக்கிறது. ஒரே நிறத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதே, எடுப்பாகப் பெரிதாக ஒன்றை நிறுத்து, இடைவெளியில் பச்சை இலை செருகு. பெரியம்மாவின் பயத்தையும் ஒதுக்கிவிட முடியாது. அழகு எல்லை மீறினால் தின்கிற ஆசையே போய்விடும். வியாபாரிக்கு அது தெரியும், கலைஞனுக்குத் தெரியவில்லை. இந்த ஒரு இடத்தில் பெரியம்மா கட்சிதான் சரி.

ஆனால் ஜன்னலில் தொங்கும் முழு ஹாம் பலகைக்கு வர வேண்டுமென்றால் மெல்லிசாகச் சீவ வேண்டும். காகிதம் மாதிரி, எதிர்ப்பக்கம் தெரிகிற மாதிரி. கையால் அப்படிச் சீவுவதற்குப் பல வருடப் பழக்கம் வேண்டும். ராட்டர்டாமில் கசாப்புக்கடை நடத்திய வில்ஹெல்ம் வான் பெர்க்கெல் என்பவர் 1898இல் இதற்கு ஒரு இயந்திரம் கொண்டுவந்தார். சுழலும் வட்டக் கத்தி, அதை நோக்கி நகரும் தட்டு. கைப்பிடிச் சக்கரத்தைச் சுற்றினால் ஒரே கனத்தில் துண்டு துண்டாக விழும். இன்றும் இத்தாலியக் கடைகளில் சிவப்பு வண்ணத்தில் அவருடைய பெயர் போட்ட பழைய இயந்திரங்களைப் பெருமையாக முன்னால் வைத்திருக்கிறார்கள். கைத்திறன் இயந்திரத்துக்குப் போனதும் யார் வேண்டுமானாலும், எந்த ஊரில் வேண்டுமானாலும் சீவலாம் என்று ஆகிவிட்டது. இதன் விளைவு ஒரு நூற்றாண்டு கழித்து நீதிமன்றத்தில் தெரிந்தது. அதற்கு முன் இங்கிலாந்தில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சட்டமும் இயந்திரமும் ஒருபுறம் இருக்க, செய்கிற கையே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை அந்த நாடு பார்த்தது.

இரண்டாம் உலகப்போர் தொடங்கி நான்கு மாதங்களில், 1940 ஜனவரி 8 அன்று, பிரிட்டனில் பேக்கன், வெண்ணெய், சர்க்கரைக்கு ரேஷன் வந்தது. 1941 மே மாதம் சீஸுக்கும் வந்தது. ஆரம்பத்தில் ஒரு ஆளுக்கு வாரத்துக்கு ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம். ஒரு தீப்பெட்டி அளவு என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு அளவு ஏறி இறங்கியது. வயலில் உழைப்பவர்கள், சுரங்கத் தொழிலாளிகள், சைவ உணவுக்காரர்கள் ஆகியோருக்குக் கூடுதல் சீஸ் உண்டு. மதியச் சாப்பாட்டுக்கு கேன்டீன் இல்லாத வயலில் ரொட்டிக்கு நடுவே வைக்க வேறு என்ன இருக்கிறது?

ரேஷனுக்கு ஏற்ற சீஸ் வேண்டும். நெடுநாள் நிற்க வேண்டும், லாரியில் ஏற்றினால் நொறுங்கக் கூடாது, எங்கே வெட்டினாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அரசு பாலை எல்லாம் அந்த மாதிரி கெட்டியான சீஸுக்குத் திருப்பிவிட்டது. மக்கள் அதை ‘கவர்மென்ட் செடார்’ என்றார்கள். மென்மையான சீஸ், நீல நரம்போடிய சீஸ், ஊருக்கு ஊர் பாட்டி செய்த சீஸ் எல்லாவற்றுக்கும் பூட்டு. முதல் உலகப்போருக்கு முன் 3,500க்கும் மேல் இருந்ததாகச் சொல்லப்படும் சீஸ் தயாரிப்பாளர்கள் இரண்டாம் போர் முடிந்தபோது நூறு பேர்கூட இல்லை. போர்க்கால அரசைக் குறை சொல்வதும் கஷ்டம். நாடு பட்டினி கிடக்காமல் இருந்ததற்கு அந்த ஒரே மாதிரி சீஸும் ஒரு காரணம். ஆனால் ரேஷன் 1954 வரை நீண்டது. பதினான்கு வருடம்! ஒரு தொழிலில் பதினான்கு வருடம் கை நின்றுவிட்டால், சொல்லிக்கொடுக்க வேண்டிய ஆள் போய்ச் சேர்ந்துவிடுவார், கற்றுக்கொள்ள வேண்டிய பிள்ளை வேறு வேலைக்குப் போய்விடும். சீஸைப் பற்றி எழுதி வைத்த புத்தகம் இருந்தாலும், தயிர்க்கட்டியைக் கையில் பிசைந்து ‘இப்போது சரி’ என்று சொல்லும் விரல் புத்தகத்தில் இல்லை.

ரேஷன் முடிந்ததும் அடுத்த பிரச்சினை. மக்கள் சீஸை மறந்துவிட்டார்கள். விற்பனையைத் தூக்க சீஸ் பீரோ என்று ஒரு அமைப்பு 1950களில் வேலை செய்தது. மதுக்கடைகளான பப்களில் ரொட்டி, சீஸ், ஊறுகாய், பியர் என்று ஒரு தட்டைப் பிரபலப்படுத்தினார்கள். அதற்கு ‘ப்ளௌமேன்ஸ் லஞ்ச்’, உழவனின் மதியச் சாப்பாடு என்று பெயர். 1960களில் பால் விற்பனை வாரியம் நாடு முழுக்க விளம்பரம் செய்தது. நூற்றாண்டுப் பழமையான கிராமத்து உணவு என்று நகரத்து ஆட்கள் நம்பி வாங்கினார்கள். பிறகு ஒன்றிரண்டு ஹாம் துண்டும் தட்டில் ஏறியது. 1983இல் ரிச்சர்ட் அயர் இயக்கி, இயன் மெக்யூவன் எழுதிய ஒரு திரைப்படம் இதே பெயரில் வந்தது. இல்லாத பழமையைச் செய்து விற்கிற நாடு என்பதற்கு அந்தத் தட்டை அதில் உவமையாகவே வைத்தார்கள்.

இதைப் ‘பித்தலாட்டம்’ என்று ஒரே வார்த்தையில் முடிப்பவர்கள் உண்டு. அது முழு நியாயம் ஆகாது. ரொட்டியும் சீஸும் பியரும் உழைப்பாளியின் உணவாகப் பல நூறு வருடம் இருந்தது நிஜம். ரேஷன் கார்டே அதற்குச் சாட்சி சொல்கிறது, உழவனுக்குக் கூடுதல் சீஸ் கொடுத்ததே! பெயரும் ஏக்கமும்தான் புதிது. உண்மையான குறை வேறு இடத்தில். உழவனின் பெயரைத் தட்டுக்கு வைத்தபோது அந்தத் தட்டில் இருந்தது பெரும்பாலும் தொழிற்சாலைச் செடார். உழவன் மனைவி செய்த சீஸ் அதற்குள் காணாமல் போயிருந்தது. பேட்ரிக் ரான்ஸ் என்ற சீஸ் கடைக்காரர் மிச்சமிருந்த பண்ணைகளைத் தேடிப் பிடித்து 1982இல் ஒரு புத்தகம் எழுதினார். சிறு தயாரிப்பாளர்கள் மெல்ல மெல்லத் திரும்ப வந்ததற்கு அவரைப் போன்ற சிலரும் காரணம்.

பெயர் ஒன்று, பொருள் ஒன்று ஆகிவிடக் கூடாது என்று இத்தாலிக்காரர்கள் முன்பே உஷாராகியிருந்தார்கள். 1963இல் பார்மா ஹாம் செய்பவர்கள் 23 பேர் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்தார்கள். விதிப்படி காய்ந்து, சோதனையில் தேறிய தொடைக்குத்தான் தோலில் ஐந்து முனைக் கிரீடத்தைச் சுட்டு முத்திரை போடுவார்கள். சோதனை எப்படித் தெரியுமா? குதிரை எலும்பில் செய்த ஊசியைத் தொடையில் குத்தி எடுத்து முகர்ந்து பார்ப்பது. அந்த எலும்புக்கு வாசனையைச் சட்டென்று பிடித்துச் சட்டென்று விடுகிற குணம் உண்டாம். 1996இல் ஐரோப்பிய அளவில் பெயருக்குப் பாதுகாப்பும் கிடைத்தது. இங்கே புவிசார் குறியீடு என்று சொல்கிறோமே, அந்த மாதிரி.

அடுத்த வருடமே வழக்கு. பிரிட்டனின் ஆஸ்டா என்ற சூப்பர் மார்க்கெட், பார்மா ஹாமைப் பாக்கெட்டில் விற்றது. போலி ஒன்றும் இல்லை, கூட்டமைப்பில் உறுப்பினரான இத்தாலிய நிறுவனத்திடமிருந்து வந்த அசல் ஹாம்தான். ஹைகிரேட் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் அதை எலும்பு நீக்கிய முழுத் தொடையாக வாங்கி, பிரிட்டனில் சீவி, ஐந்து துண்டு கொண்ட பாக்கெட்டுகளாகப் போட்டுக் கொடுத்தது. கூட்டமைப்பு சொன்னது: பாக்கெட்டில் விற்கும் ஹாமைப் பார்மா வட்டாரத்திலேயே சீவ வேண்டும் என்பது எங்கள் விதி, வெளியில் சீவினால் பார்மா ஹாம் என்ற பெயர் போடக் கூடாது.

கேட்டவுடன் சிரிப்பு வரும். அசல் பொருளைச் சட்டப்படி வாங்கியவன் தன் கத்தியால் வெட்டக் கூடாதா? பிரிட்டனின் இரண்டு நீதிமன்றங்கள் கூட்டமைப்பின் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தன. பிரபுக்கள் சபை வரைக்கும் போய், அங்கிருந்து ஐரோப்பிய நீதிமன்றத்துக்குக் கேள்வியாக அனுப்பப்பட்டது. 2003 மே 20 அன்று தீர்ப்பு. விதி செல்லும் என்றது நீதிமன்றம். சீவுவதும் பாக்கெட் போடுவதும் தரத்தைப் பாதிக்கிற வேலைகள், வட்டாரத்துக்கு வெளியே நடந்தால் அதைச் சரியாகக் கண்காணிக்க முடியாது என்பது காரணம். அதே நாளில் கிரானா படானோ சீஸைத் துருவுவது பற்றிய இன்னொரு வழக்கிலும் இதே மாதிரி தீர்ப்பு. ஆனால் கூட்டமைப்பு முழுசாக ஜெயிக்கவும் இல்லை. இப்படி ஒரு விதி இருப்பதை ஐரோப்பியச் சட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்படி வெளியிடவில்லை, ஆகவே அதுவரை நடந்ததற்காக ஆஸ்டாவைப் பிடிக்க முடியாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஆறு வருட வழக்கில் இரண்டு தரப்பும் தாங்களே ஜெயித்ததாகச் சொல்லிக்கொள்ளலாம்!

இந்த விதியால் யாருக்கு லாபம் என்று கேட்டால், சந்தேகமில்லாமல் பார்மா ஊருக்கு. சீவும் தொழிற்சாலை, அதில் வேலை, பாக்கெட்டுக்குக் கிடைக்கும் கூடுதல் விலை எல்லாம் அங்கேயே நிற்கும். தரம் என்ற வாதத்துக்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனாலும் ஒரு வருடம் பணத்தை முடக்கிக் காற்றில் தொங்கவிட்டவனைவிட, ஒரு நிமிடத்தில் சீவிப் பாக்கெட் போட்டவன் அதிகம் எடுத்துக்கொண்டு போனால் நாளைக்குத் தொங்கவிட ஆள் இருக்க மாட்டான். இங்கிலாந்துப் பண்ணைகளின் கதையைப் படித்தவர்களுக்கு அந்தப் பயம் புரியும்.

தீர்ப்பில் ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. கடையிலோ உணவகத்திலோ வாடிக்கையாளருக்காகச் சீவிக் கொடுப்பதற்குத் தடையில்லை. காரணம் எளிமையானது: அங்கே முழுத் தொடை கண் முன்னால் இருக்கிறது, தோலில் கிரீட முத்திரை இருக்கிறதா என்று வாங்குகிறவரே பார்த்துக்கொள்ளலாம். முத்திரை இருப்பது தோலில். சீவிய துண்டில் அது இருக்காது.

2010களில் புகைப்படத் தளங்கள் பரவியபோது பலகை உலகம் முழுக்கப் போனது. 2020இல் கொரோனா வந்து ஒரே பலகையில் பத்துக் கை படக் கூடாது என்றானதும், ஆளுக்கு ஒரு கண்ணாடிக் குவளையில் சீஸும் சாஸேஜும் குத்தி வைத்துக் கொடுத்தார்கள். ‘ஷார்க்யூட்டரி’ என்ற சொல்லும் எங்கேயோ போய்விட்டது. பன்றி இறைச்சியே இல்லாத பழப்பலகைக்கும் மிட்டாய்ப் பலகைக்கும்கூட அந்தப் பெயர் வைக்கிறார்கள். 1476இல் அந்தப் பெயருக்காகச் சங்கம் வைத்துப் போராடியவர்கள் பார்த்தால் என்ன சொல்வார்களோ! ஹாமை ரோஜாப்பூ மாதிரி மடிப்பது எப்படி, சீஸை எந்தக் கோணத்தில் வெட்டுவது என்று ஆயிரக்கணக்கில் வீடியோக்கள் கிடைக்கின்றன.

விருந்தாளிக்குப் பலகை வைக்கிறவர்கள் இன்னொன்றும் செய்யலாம். ரோஜாப்பூவாக மடித்த ஹாம் சீக்கிரம் காயும், ஏனென்றால் எவ்வளவு மெல்லிசாகச் சீவுகிறோமோ அவ்வளவு பரப்பு காற்றில் படும். அதனால்தான் இத்தாலியில் ஹாமை விருந்தாளிகள் உட்கார்ந்த பிறகே சீவ விரும்புகிறார்கள். சீஸ் அதற்கு நேர் எதிர். ஒரு மணி நேரம் முன்னதாகவே வெளியே எடுத்து வைத்தால்தான் குளிர் விட்டு வாசனை வரும். கிளாரா பீட்டர்ஸின் மேசையில் சீஸ் கட்டிகள் முழுசாகவும் பாதியாகவும் அப்படியே அடுக்கி இருக்கின்றன, கத்தி மட்டும் பக்கத்தில் தயாராகக் கிடக்கிறது.